ஜப்பானிய மொழியில் முதல் பணிவுத் தொடர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்குபவர்கள் அன்றாடப் பணிவுத் தொடர்களை எவ்வாறு பழக வேண்டும் என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தொடக்கநிலை மாணவர்களுக்கு அம்மொழியைச் சொல்லிக்கொடுத்து வருபவள் என்ற முறையில், நான் எல்லாவற்றுக்கும் முதலாகக் கருதும் ஒன்றை உடனே சொல்லிவிடுகிறேன். ஒரு தொடரின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அதை யாரிடம் சொல்கிறோம், எந்த நேரத்தில் சொல்கிறோம், எதிரில் இருப்பவர் என்ன மறுமொழி தருவார் என்பவற்றோடு சேர்த்தே அதைக் கற்க வேண்டும்.

காலை வணக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டாரிடமும் நெருங்கிய நண்பரிடமும் 'ஒஹாயோ' என்றாலே போதும். ஆசிரியர், அலுவலக மேலாளர், அண்டை வீட்டுப் பெரியவர் ஆகியோரிடம் 'ஒஹாயோ கொஸாய்மஸ்' என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். பகல் வணக்கமாகிய 'கொன்னிச்சிவா'வோடு 'கொஸாய்மஸ்' சேராது. அதை வீட்டுக்குள் தாயிடமோ தந்தையிடமோ யாரும் சொல்வதுமில்லை. அதே சமயம், முறைப்பணி நடக்கும் உணவகங்களிலும் நாடக அரங்குகளிலும் மாலையில் வேலைக்கு வருபவர்கூட, அன்று முதன்முதலாகச் சந்திக்கும் சக ஊழியரிடம் 'ஒஹாயோ கொஸாய்மஸ்' என்பார். கடிகாரத்தை மட்டும் பார்த்து வணக்கம் சொல்லப் பழகியவருக்கு இது விளங்காது.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு ஓர் உண்மையான வசதி இருக்கிறது. குறில், நெடில் வேறுபாடு ஜப்பானிய மொழியிலும் பொருளை மாற்றும். 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது நடுவயதுப் பெண்மணி. 'ஒபாசன்' என்றால் பாட்டி. மாத்திரைக் கணக்கில் வளர்ந்த காதுக்கு இது கடினமே இல்லை. 'தெஸ்', 'மஸ்' என்று முடியும் சொற்களின் இறுதியில் எழுத்தளவில் ஓர் உகரம் இருக்கிறது. ஆனால் தோக்கியோவின் பொதுப் பேச்சில் அது பெரும்பாலும் ஒலியிழந்து மறைகிறது. வல்லின மெய்யோடு சொல்லின் இறுதியில் வந்து, தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறையும் நம் குற்றியலுகரத்தை அறிந்தவர்கள், அந்த உகரத்தை அழுத்தி 'தெசூ' என்று நீட்டத் தேவையில்லை என்பதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் தமிழ் எழுத்தில் இத்தொடர்களை எழுதிவைத்துப் படிக்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. சீமைப் பனிச்சைப் பழத்தைக் குறிக்கும் சொல்லும், சாவியைக் குறிக்கும் சொல்லும் ஜப்பானிய மொழியில் நடுவில் வரும் மெய்யின் வல்லோசை, மெல்லோசை வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. தமிழில் இரண்டையும் 'ககி' என்றுதான் எழுத முடியும். வல்லோசைக்காக 'கக்கி' என்று எழுதினாலோ, அது உற்சாகம், துடிப்பு என்ற பொருளுடைய மூன்றாவது சொல்லாகிவிடும். ஜப்பானியரின் அசையெழுத்து வகையாகிய ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46 மட்டுமே. அவற்றை முதலிலேயே கற்றுக்கொண்டு, தொடர்களை அவ்வெழுத்தில் எழுதுவதும், ஜப்பானியர் பேசும் ஒலிப்பதிவைக் கேட்டுத் திரும்பச் சொல்வதும் பின்னாளில் பெருந்துணையாக அமையும்.

இனி, ஒரே ஒரு தொடரோடுதான் ஜப்பானில் விமானத்தை விட்டு இறங்க வேண்டும் என்றால், நான் 'சுமிமசென்' என்பதையே தேர்ந்தெடுப்பேன். நெரிசலான ரயிலில் இறங்குவதற்கு வழி கேட்கவும், உணவகத்தில் பணியாளரை அழைக்கவும், தெரியாமல் ஒருவர் காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கவும் அதுவே உதவுகிறது. கீழே விழுந்த நம் கைக்குட்டையை ஒருவர் எடுத்துத் தரும்போதும், முதியவருக்கு யாரேனும் இருக்கை தரும்போதும், நன்றிச் சொல்லின் இடத்தில் 'சுமிமசென்' ஒலிப்பதைக் கேட்கலாம்; உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேனே என்ற உணர்வு அதில் கலந்திருக்கிறது. 'கொமென் நசாய்' என்னும் மன்னிப்புத் தொடர் நெருங்கியவர்களிடையே பொருந்தும். வாடிக்கையாளரிடமோ மேலாளரிடமோ பணி சார்ந்த பிழைக்கு வருத்தம் தெரிவிக்கும்போது 'மோஷிவகே அரிமசென்' என்பதே உரியது.

நன்றி சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. உதவி நடந்துகொண்டிருக்கும்போதோ, நடக்கவிருக்கும்போதோ 'அரிகத்தோ கொஸாய்மஸ்'. உதவி முடிந்த பிறகு, பாடம் நிறைவுற்று ஆசிரியரிடம் விடைபெறும்போது, 'அரிகத்தோ கொஸாய்மஷ்த' என்று இறந்தகாலத்தில் சொல்வார்கள். சில நாள் கழித்து அவரை மீண்டும் சந்தித்தால், முந்தைய உதவியை நினைவுகூர்ந்து மறுபடியும் நன்றி சொல்வது நல்ல பண்பாகக் கருதப்படுகிறது. ஒருமுறை நன்றி சொன்னதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் நாம் மனத்தில் இருத்த வேண்டிய வழக்கம் இது.

வீட்டில் வழங்கும் தொடர்கள் இணைகளாக வருகின்றன. வெளியே செல்பவர் 'இத்தெகிமஸ்' என்கிறார். வீட்டிலிருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்று மறுமொழி சொல்கிறார். 'போய் வருகிறேன்', 'போய் வாருங்கள்' என்று சொல்லி விடைபெறும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் 'தடைமா'. அதற்கு மறுமொழி 'ஒகயெரி நசாய்'. உண்பதற்கு முன் 'இததகிமஸ்', உண்டபின் 'கொச்சிசோசமா தெஷ்த'. பின்னதை உணவகத்தை விட்டு வெளியேறும்போது, பணம் வாங்குபவரிடமும் சமைத்தவரிடமும் சொல்லிவிட்டு வருவது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். கடைக்குள் நுழைகையில் ஊழியர்கள் 'இரஷ்ஷைமஸெ' என்று வரவேற்றால், அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. இலேசான தலையசைப்பே போதும்.

அலுவலகத் தொடர்களில் கூடுதல் கவனம் தேவை. வேலை முடிந்து புறப்படும்போது 'ஒட்ஸுகரெசமா தெஷ்த' என்று சக ஊழியர்களின் உழைப்பை மதித்துச் சொல்வார்கள். இது மேலாளருக்கும் பொருந்தும். ஏறத்தாழ அதே கருத்துடைய 'கொகுரோசமா' என்பது மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் சொல்வதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுவதால், புதியவர் அதைத் தம் மேலாளரிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். மற்றவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது நாம் முதலில் கிளம்பினால் 'ஒசகி நி ஷிட்ஸுரெய் ஷிமஸ்' என்று, முந்திச் செல்வதற்குப் பொறுத்தருளுமாறு கேட்டுக்கொண்டு விடைபெற வேண்டும்.

எதிரில் இருப்பவரைக் குறிக்கும் முன்னிலைச் சொல்லில் நாம் தடுமாறுவதுண்டு. தமிழில் 'நீங்கள்' என்பது மரியாதைச் சொல். அகராதி அதற்கு 'அனதா' என்று பொருள் தருகிறது. ஆனால் ஜப்பானியப் பேச்சில் பெரியவரை 'அனதா' என்றழைப்பது மரியாதைக் குறைவாகவே ஒலிக்கும். அவர் பெயரோடு 'சன்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்தோ, பதவிப் பெயராலோ அழைப்பதே முறை. நம் பெயரோடு நாமே 'சன்' சேர்த்துக்கொள்வது ஒருபோதும் கூடாது. தமிழில் வினைமுற்றின் விகுதியே, பேசப்படுபவர் யார், அவருக்குரிய மரியாதை என்ன என்பதைக் காட்டிவிடுகிறது. ஜப்பானிய வினையில் அத்தகைய விகுதி கிடையாது. அங்கே 'மஸ்' என்ற முடிவு, கேட்பவர்பால் நாம் காட்டும் பணிவைத் தாங்கி நிற்கிறது. அசைவூட்டப் படங்களைப் பார்த்து மொழி பழகும் இளைஞர்கள், அவற்றின் பாத்திரங்கள் 'நான்', 'நீ' என்ற பொருளில் தமக்குள் முரட்டுத்தனமாகப் பேசும் 'ஒரே', 'ஒமாயெ' போன்ற சொற்களை அறிமுகமில்லாதவரிடம் பயன்படுத்திவிடாமல் இருக்க வேண்டும்.

'கெய்கோ' எனப்படும் மரியாதை மொழி விரிவானது. பொதுவாக மூன்றாகப் பகுக்கப்பட்டு வந்த அதை, 2007ஆம் ஆண்டு ஜப்பானின் பண்பாட்டு மன்றம் வெளியிட்ட வழிகாட்டி ஐந்தாகப் பகுத்தது. ஜப்பானிய இளைஞர்களே வேலைக்குச் சேரும்போது அதைப் பயிற்சியாகக் கற்கிறார்கள். ஆகவே தொடக்கநிலையில் 'தெஸ்', 'மஸ்' நடையில் உறுதியாக நிற்பதே போதுமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984இல் தொடங்கி, இன்று சென்னையிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு இல்லை. அதன் தொடக்கநிலையாகிய என்5இல் தேறியவர்களும் வாய்விட்டுப் பேசும் பழக்கத்தைத் தாமாகவே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஒரு துணையோடு அமர்ந்து, ஒருவர் தொடரைச் சொல்ல மற்றவர் மறுமொழி சொல்லுமாறு நாள்தோறும் பழகுமாறு என் மாணவர்களை வற்புறுத்துகிறேன்.

அப்படிப் பழகிய பிறகு நீங்கள் சொல்லும் முதல் சில தொடர்களைக் கேட்டவுடனேயே, 'நிஹொங்கொ ஜோஸு தெஸ் நெ' என்று உங்கள் ஜப்பானிய மொழியைப் பாராட்டுவார்கள். அதற்கு 'அரிகத்தோ கொஸாய்மஸ்' என்று சொல்லலாம். 'இயெ, மதமத தெஸ்' என்று, இன்னும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்ற பொருளிலும் சொல்லலாம். இரண்டையும் பழகி வைத்திருங்கள். நன்றி, வணக்கம்.