இருட்டில் எத்தனை மீட்டர்? ஆர்க்டிக் நகரம் ட்ரோம்சோவின் குளிர்காலச் சாலைகள்

[காட்சி: ஓடும் காரின் முன்கண்ணாடி வழியாக இருண்ட சாலை. திரையின் மூலையில் வேகம்: 50]

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது. எரிவது லோ பீம், அதாவது சாலையில் தாழ்வாக விழும் முன்விளக்கு. சாலையோரம் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் நடந்துபோகிறார். ஓட்டுநரின் கண்ணுக்கு அவர் தென்படும்போது நடுவில் இருப்பது 25, 30 மீட்டர்தான். அந்த வேகத்தில் கார் நொடிக்கு 14 மீட்டர் போகும். ஆக, இரண்டே நொடி.

காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 12 மீட்டரில் அந்தக் கார் நின்றுவிடும். ஐஸ் படிந்த சாலையில் அதே கார் நிற்க 65 மீட்டர் வேண்டும். ஐஸ்மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் 100 மீட்டரை நெருங்கும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

[காட்சி: நார்வே வரைபடம். வடக்கே ட்ரோம்சோ ஒளிர்கிறது]

இந்த ஊர் ட்ரோம்சோ. நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 78,000. நகரின் மையம் ஒரு தீவு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் இருட்டிலோ அரைவெளிச்சத்திலோதான் தெருவில் இறங்குகிறார்கள்.

ஆர்க்டிக் என்றதும் கொடுங்குளிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தொடும் கரை இது. ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 4 டிகிரி அளவில்தான். கேட்க நன்றாக இருக்கிறது, சாலைக்கு இதுதான் வினை. பகலில் பனி உருகும், மழைகூடப் பெய்யும், இரவில் எல்லாம் இறுகி ஐஸாகும். கடுங்குளிரில் கெட்டியாகக் கிடக்கும் பனியைவிட, பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் இந்த ஐஸில்தான் வழுக்கல் அதிகம்.

பனியின் அளவும் சாதாரணமில்லை. 1997 ஏப்ரல் 29 அன்று இங்கே தரையில் கிடந்த பனியின் உயரம் 240 சென்டிமீட்டர்.

[காட்சி: பனி ஒதுக்கும் வண்டி. பின்னால் மணல் தூவும் லாரி]

சரி, இந்தச் சாலைகளை எப்படிப் பராமரிக்கிறார்கள்? பனிக்காலத்துக்கு முன்பே, இலையுதிர் காலத்தில், சாலையின் இரு ஓரமும் ஒளி பிரதிபலிக்கும் கம்புகளை வரிசையாக நட்டுவிடுவார்கள். எல்லாம் வெள்ளையாக மூடிய பிறகு சாலை எங்கே முடிகிறது என்று பனி ஒதுக்கும் ஓட்டுநருக்குக் காட்டுபவை அவைதான்.

அடுத்தது வழுக்கல். உப்பு போடலாம், ஆனால் குளிர் கூடக்கூட உப்பின் வேகம் குறைந்துவிடும். வெறும் மணலைத் தூவினால் நாலு கனரக வண்டி போனதும் ஓரத்துக்குப் பறந்துவிடும். இதற்கு நார்வேக்காரர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: மணலை 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கலந்து தூவுவது. சூடான ஈர மணல் ஐஸைக் கொஞ்சம் உருக்கி உள்ளே இறங்கும், அடுத்த நொடி அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். சாலை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிவிடும். நிறைய வண்டிகள் ஓடினாலும் வெறும் மணலைவிட அதிக நேரம் தாங்கும்.

வண்டிப் பக்கமும் விதி உண்டு. வடக்கு மாவட்டங்களில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை உலோக ஆணி பதித்த டயர் ஓட்டலாம். தெற்கில் இந்தக் காலம் குறைவு. அதே மாதங்களில் கார் டயரின் பட்டன், அதாவது ரப்பரில் வெட்டிய பள்ளம், குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருந்தாக வேண்டும். ஆணி டயர் ஐஸைக் கவ்வும், ஆனால் ஐஸ் இல்லாத இடத்தில் தாரைச் சுரண்டும். வசந்தத்தில் சாலை காய்ந்ததும் அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகும். ஒஸ்லோ, பெர்கன், ட்ரொன்ஹைம் நகரங்கள் ஆணி டயருக்குத் தனிக் கட்டணம் வாங்குவது இதனால்தான்.

[காட்சி: பெட்ரோல் பங்க், பிறகு சாலைக்கு மேலே டோல் கேமரா]

இனி பணம். 1990 முதல் ட்ரோம்சோவில் பெட்ரோலும் டீசலும் போடும்போது லிட்டருக்கு இவ்வளவு என்று உள்ளூர் வரி சேர்ந்தது. நார்வேயில் வேறு எந்த நகரத்திலும் இல்லாத ஏற்பாடு. சாலைத் திட்டங்களுக்கு அந்தப் பணம் உதவியது. இந்த ஊரில் பாறையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் உண்டு, பூமிக்கடியில் ரவுண்டானாவே உண்டு. உள்ளே பனியும் கிடையாது, காற்றும் கிடையாது.

ஆனால் மின்சார கார் வைத்திருப்பவர் பங்குக்கே போகமாட்டார். 2023இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 80 சதவீதத்துக்கும் மேல் மின்சார கார்கள். அந்த வருட ஜனவரியில் எரிபொருள் வரியின் இடத்துக்கு டோல் வந்தது. கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும், வண்டி நிற்க வேண்டியதில்லை.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டோல் பணம் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கு: சாலை, நடைபாதை, சைக்கிள் பாதை, நகரங்களில் பேருந்துச் சேவையும் சேரும். தினமும் பனி ஒதுக்கவும் மணல் தூவவும் ஆகும் செலவு பொதுவாக அரசு, மாவட்டம், நகராட்சி ஆகியவற்றின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து வருகிறது. எந்தச் சாலை யாருடையதோ அவர்தான் பொறுப்பு. “டோல் கட்டுகிறேனே, என் தெருவில் ஏன் ஐஸ்?” என்ற கோபம் நியாயமானது, ஆனால் அது சரியான அலுவலகக் கதவைத் தட்ட வேண்டும். என்னைக் கேட்டால், சுரங்கப் பாதைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது தெருமுனை மணலுக்குக் கிடைக்க வேண்டும். நடந்துபோகிறவர் விழுவது அங்கேதான்.

[காட்சி: கோட்டின் ஓரத்தில் தொங்கும் ரிஃப்ளெக்டர், விளக்கு பட்டதும் பளிச்]

இவை எல்லாவற்றிலும் மலிவான சாதனம் இது. ரிஃப்ளெக்டர் மாட்டியவர் லோ பீமில் 140 மீட்டர் தொலைவிலேயே தெரிவார். இரண்டு நொடி பத்து நொடியாகிறது, 65 மீட்டர் பிரேக் தூரமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

நார்வேயில் 1970இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 560 பேர். 2020இல் 93 பேர். இத்தனைக்கும் இடையில் மக்கள்தொகையும் கூடியது, வண்டிகளும் பல மடங்காயின. ஒரே ஒரு காரணம் இதற்கு இல்லை. சீட் பெல்ட், வேகக் கட்டுப்பாடு, பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம், நல்ல கார்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

[காட்சி: வானில் பச்சை ஒளி. சாலை நடுவே நிற்கும் வாடகைக் கார்]

வட துருவ ஒளியைப் பார்க்க ட்ரோம்சோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானத்தைப் பார்த்ததும் சாலையிலேயே காரை நிறுத்திவிடாதீர்கள், பின்னால் வருகிறவருக்கும் அதே 65 மீட்டர்தான். ஒதுங்க இடம் விட்டிருக்கும் பகுதி வரை ஓட்டிப்போய் நிறுத்துங்கள். நார்வேயில் பதிவான காரில் ஒளி பிரதிபலிக்கும் கையில்லா மேலுடை (வெஸ்ட்) ஒன்று இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அது எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கதவைத் திறக்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.