ஜன்னல் உரசுகிறதா? இழைப்புளியைக் கீழே வையுங்கள்

[காட்சி: கீழ் விளிம்பு நிலையில் உரசியபடி மூடும் பழைய மர ஜன்னல்]

இந்தச் சத்தம் கேட்டதும் பலர் கீழ் விளிம்பை இழைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இழைத்த மரம் திரும்ப வராது. முதலில், திறந்த கதவின் வெளி ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். கண் மேல் கீலிலேயே இருக்கட்டும்.

[நெருக்கக் காட்சி: மேல் கீல்]

தகடு மரத்தோடு ஒட்டி நிற்க, நடுவிலுள்ள கணுக்கள் (முள், அதாவது அச்சுக்கம்பி, நுழையும் குழல்கள்) மட்டும் ஆடினால் தேய்ந்தது கீல்தான். தகடே மரத்தைவிட்டு எழும்பினால் கீலின்மேல் பழி போடாதீர்கள்; திருகுகள் பிடியை விட்டுவிட்டன. நான் கழற்றிய ஜன்னல்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான். இரண்டும் இல்லையென்றால் கதவின் மூலை மூட்டுகளைப் பாருங்கள்.

இனி, இது என்ன கீல்? பல அடுக்குப் பெயிண்டுக்குள் எல்லாக் கீலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லையா, அநேகமாகப் பித்தளை. ஒட்டினால் கணுவை உற்றுப் பாருங்கள். தகட்டைச் சுருட்டிச் செய்த கணுவில், சுருள் முடியும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கோடே இல்லாமல் தகடும் தடிப்பாக இருந்தால் வார்ப்பிரும்பாக இருக்கலாம். இங்கிலாந்தில் 1775இலேயே வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், வளையாது, உடையும்.

திருகும் வயது சொல்லும். கூர்முனைத் திருகுகள் பரவியது 1840களின் நடுப்பகுதிக்குப் பிறகு. தலையில் சிலுவை வெட்டு இருந்தால், அது 1930களுக்குப் பின் யாரோ மாற்றியது.

[காட்சி: கதவின் அடியில் மர ஆப்பு]

கழற்றுமுன் கதவுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், நனைத்துச் சுரண்டுங்கள். திருகுத் தலையின் வெட்டிலுள்ள பெயிண்டைக் கூரான முனையால் முழுவதும் எடுத்த பிறகு, வெட்டை இறுக்கமாக நிரப்பும் திருப்புளியைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்றே திருப்புங்கள். துருவின் பிடி விடும், பிறகு கழற்றலாம்.

[நெருக்கக் காட்சி: அகன்றுபோன துளை]

தீக்குச்சியைச் செருகித் திருகுவது சில மாதம் தாங்கும். நான் துளையை டிரில்லால் சற்றுப் பெரிதாக்கி, மரப்பசை தடவிய கடின மர முளையை அடித்துவிடுவேன். ஒரு நாள் காயட்டும். முளையை மட்டமாகச் சீவி, நடுவில் சிறு துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். பித்தளைத் திருகு மென்மையானது. எஃகுத் திருகால் வழி செய்யாமல் அதையே முதலில் திருகினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

மேலே தூக்கிக் கழற்றும் வகைக் கீலில் கணு தேய்ந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். கதவைத் தூக்கி, முள்ளில் மெல்லிய பித்தளை வாஷர் ஒன்றை மாட்டுங்கள். எல்லாக் கீலுக்கும் ஒரே தடிப்பில்.

[காட்சி: மூடியதும் சற்றே திறந்துகொள்ளும் கதவு]

மூடியபின் கதவு தானாக எதிர்த்துத் திறக்கிறதா? கீல் மரத்துக்குள் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு திருகின் தலை துருத்தி நிற்கிறது. திருகைச் சரிபாருங்கள். பிறகு தகட்டின் அடியில் ஓர் அட்டைத் துண்டு வைத்து மூடிப் பாருங்கள். போதவில்லையென்றால் மட்டும் இன்னொன்று.