அம்மா வளையலில் தொங்கிய ஊக்கு

வணக்கம் மக்களே. பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு தையல் கடையில் நிற்கிறேன். காலையில் கிளம்பும்போது பை வார் அறுந்துவிட்டது. அம்மா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார்கள். இப்போது கடைக்கார அண்ணன் அந்த வாரைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மெஷின் ஊசியைக் கிட்டே பாருங்கள். கையால் தைக்கிற ஊசிக்குக் காது பின்பக்கம் இருக்கும். இதற்குக் கூர்முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி இறங்கும்போதே நூலையும் கூட்டிக்கொண்டு போகிறது. திரும்பி ஏறும்போது அந்த நூல் சின்ன வளையமாக நிற்கும். கீழே இருக்கிற கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் இருக்கிற பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். மேல்நூலும் கீழ்நூலும் பூட்டிக்கொள்ளும். அண்ணன் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுகிறார்... இதோ, விழுந்தது ஒரு தையல்.

இந்த முறைக்கு அமெரிக்காவில் 1846-ல் காப்புரிமை வாங்கியவர் எலியாஸ் ஹோவ். சிங்கர் மெஷினுக்குப் பெயர் தந்த ஐசக் சிங்கர் தன் மெஷினுக்கு வாங்கியது 1851-ல். ஆனால் 1830-களிலேயே நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் இதே மாதிரி ஊசியும் இரண்டு நூலும் வைத்து ஒரு மெஷின் செய்துவிட்டார். காப்புரிமைக்குத்தான் போகவில்லை. தைத்துப் பிழைக்கிற பெண்களின் வேலை போய்விடுமே என்று அவர் மகள் சொன்னதாகச் சொல்வார்கள். எங்கள் அம்மாவும் ஜாக்கெட் தைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள், அதனால் அந்த இடத்தை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

பிறகு 1853-ல் ஹன்ட் விண்ணப்பித்தார். அவர்தான் முதலில் செய்தார் என்று காப்புரிமை அலுவலகமே ஒப்புக்கொண்டது. ஆனால் இத்தனை வருடம் விட்டுவைத்ததால் உரிமை இல்லை என்றுவிட்டது. சட்டப்படி சரி. மனசுக்குத்தான் சரியாகப் படவில்லை.

சரி, இந்த ஊக்கு? அதுவும் அதே ஹன்ட் செய்ததுதான்! 1849 ஏப்ரல் 10, காப்புரிமை எண் 6281. ஒரே கம்பி. இந்த முனையில் ஒரு சுருள், அதுதான் ஸ்பிரிங். அந்த முனையில் விரலைக் குத்தாமல் இருக்க ஒரு மூடி. இந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

தையல் மெஷினுக்காக 1858-ல் சிங்கர் அவருக்கு 50,000 டாலர் தர ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமே ஹன்ட் இறந்துவிட்டார்.

அண்ணன் வாரைத் தைத்து முடித்துவிட்டார். ஊக்கையும் கையில் கொடுக்கிறார். பத்திரமாக வைத்துக்கொள்கிறேன், அம்மா சாயங்காலம் கேட்பார்கள்.