மணத்துக்கு முதலிடம்: கெர்ட்ரூட் ஜீக்கில் ரோஜா

அவையிலுள்ள பெரியவர்களுக்கும் தோட்டம் போடும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ரோஜாவில் பெயர் பெற்ற வகைகள் பல்லாயிரம். அத்தனையையும் தொட்டுக்கொண்டு போனால் பெயர்கள்தான் காதில் விழும். ஒரு செடியும் கண்முன் வராது. அதனால் இன்று ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்கிறேன். அதன் பூ, இலை, முள், மணம், குற்றம் குறை எல்லாவற்றையும் பேசப் போகிறேன். இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் உருவாக்கி 1986இல் வெளியிட்ட ரோஜா அது. பெயர் கெர்ட்ரூட் ஜீக்கில். அடர்ந்த இளஞ்சிவப்புப் பூ, புதராக வளரும் செடி. ஆஸ்டின் உருவாக்கிய, ஆங்கில ரோஜாக்கள் என்று உலகெங்கும் அழைக்கப்படும் கூட்டத்தில் மணத்துக்கு எதைச் சொல்வாய் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பூக்கடை ரோஜாவுக்கு வைத்திருக்கும் அளவுகோலை இதன்மேல் வைத்தால் இது தேறாது. இதன் காம்பு நீண்டு விறைத்து நிற்காது. வெட்டிக் குவளையில் வைத்தால் சில நாளில் இதழ் கொட்டும். கூர்மையான கூம்பு மொட்டும் கிடையாது. இதைச் செடியில் வைத்து, பக்கத்தில் நின்று, முகர்ந்து பார்த்து மதிப்பிட வேண்டும். ஏன் என்பதற்கு இதன் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

டேவிட் ஆஸ்டின் 1926இல் பிறந்தவர். ஷ்ராப்ஷயர் பகுதியில் உழவுக் குடும்பத்துப் பிள்ளை. அவர் இளைஞராக இருந்தபோது ரோஜா என்றாலே ஹைப்ரிட் டீ வகைதான். நேரான காம்பு, நுனியில் ஒற்றைப் பூ, பளிச்சென்ற நிறம், பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம். அதற்கு முந்தைய ஐரோப்பிய ரோஜாக்களான காலிகாவும் டமாஸ்க்கும் சென்டிஃபோலியாவும் ஒதுங்கிப் போயிருந்தன. அவற்றின் மணமும் இதழடுக்கும் செடியின் வளைவும் ஆஸ்டினை இழுத்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கோடையின் தொடக்கத்தில் ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். மென்மையும் மணமும் பழையதிலிருந்து, திரும்பப் பூப்பது புதியதிலிருந்து என்று இரண்டையும் ஒரு செடியில் சேர்க்க முடியுமா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை.

முதல் விளைச்சல் 1961இல் வந்தது. பெல் ஐசிஸ் என்னும் பழைய காலிகா ரோஜாவை டெயின்டி மெய்ட் என்னும், கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா வகை ரோஜாவோடு கலந்து பிறந்த கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை. பெரிய கிண்ணம் போன்ற இளஞ்சிவப்புப் பூ. இன்றும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் அழகு. ஆனால் அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூத்தது. இதில் வியப்பில்லை. ரோஜாவில் திரும்பப் பூக்கும் குணம் ஒடுங்கு பண்பு. ஒருமுறை பூப்பதும் பலமுறை பூப்பதும் கலந்தால் முதல் தலைமுறையில் ஒருமுறை பூக்கும் குணமே மேலோங்கும். அந்தப் பிள்ளைகளை மறுபடியும் பலமுறை பூக்கும் செடிகளோடு சேர்த்துச் சேர்த்துத்தான் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவர முடியும். ஆஸ்டின் அதைத்தான் செய்தார். 1969இல் திரும்பப் பூக்கும் வகைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று வைஃப் ஆஃப் பாத். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையின் வழிவந்த, அளவான உயரமுள்ள, கெட்டியான செடி. அதுதான் நம்முடைய கெர்ட்ரூட் ஜீக்கிலுக்குத் தாய்.

தந்தை இன்னும் சுவையான செடி. கோம்த் டி ஷாம்போர் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் பிறந்த போர்ட்லாந்து ரோஜா. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில், இலையுதிர்காலத்திலும் பூக்கும் டமாஸ்க்கின் வாரிசுகள் இந்தப் போர்ட்லாந்து வகையினர். ஆகவே பழைய மணத்தைக் கைவிடாமலே ஓரளவு திரும்பவும் பூப்பார்கள். ஆஸ்டினுக்கு இந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். நவீன ரத்தம் கூடக்கூட மணம் குறையும் என்ற அச்சம் கலப்பினம் செய்யும் எல்லோருக்கும் உண்டு. அவர் பாதி வழியில் திரும்பி, பழைய மணத்தைக் கொண்ட ஒரு செடியின் மகரந்தத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்தார். என் பார்வையில் அவர் செய்த கலப்புகளிலேயே துணிச்சலான ஒன்று இது.

இனி பூவுக்கு வருவோம். மொட்டு சின்னதாகத்தான் இருக்கும். இறுக்கிச் சுருட்டிய சிறு மொட்டு. இவ்வளவு சிறியதிலிருந்து இத்தனை பெரிய பூவா என்று தோன்றும். விரிந்து வரும்போது வெளியிதழ்கள் முதலில் பின்னுக்குச் சாயும். உள்ளிதழ்கள் நடுவைச் சுற்றிச் சுழன்று சுழன்று நிற்கும். முழுதாக விரிந்தபின் தட்டையான ரோசெட் வடிவம், அதாவது இதழ்கள் வட்டவட்டமாக அடுக்கிய வடிவம். இதழ்கள் ஏறத்தாழ நூறு. காட்டு ரோஜாவுக்கு இதழ் ஐந்துதான். மீதி எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் மகரந்தக் கேசரங்களாக வளர வேண்டியவை இதழ்களாக மாறியதால் வந்தன. அடுக்கு ரோஜாவின் செழுமைக்குச் செடி கொடுக்கும் விலை அது. இதழ் கூடக்கூட மகரந்தம் குறையும். தேனீக்களுக்கு இந்தப் பூவில் அதிகம் கிடைக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. தேனீக்களும் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் பக்கத்தில் ஓரடுக்கு ரோஜா ஒன்றை நட்டுக்கொள்வது நல்லது.

நிறம் ஆழ்ந்த இளஞ்சிவப்பு, உள்ளே சற்று நீலச் சாயல் ஓடும். ஓரம் வெளிறும்; நடுவில் அடர்த்தி தங்கும். ரோஜாவின் சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் முதன்மைக் காரணம் சயனிடின் வகை ஆந்தோசயனின் நிறமிகள். இந்த நிறத்துக்கு ஆரஞ்சும் செம்மஞ்சளும் பக்கத்தில் ஆகாது. லாவெண்டர், ஊதா ஜெரேனியம், வெள்ளிநிற இலைச் செடிகள், வெள்ளைப் பூக்கள் இவற்றோடு நட்டால் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

மணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரோஜாக்காரர்கள் பழைய ரோஜா மணம் என்று ஒன்றைச் சொல்வார்கள். பன்னீரை முகர்ந்தவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2-ஃபினைல் எத்தனால், ஜெரானியால், சிட்ரோனெல்லால் ஆகிய வாசனைப் பொருள்கள் இந்த மணத்தின் தூண்கள். இவற்றோடு மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மூக்குக்குப் பலமாக எட்டும் பீட்டா டமாசினோனும் சேரும். இதில் ஓர் அழகான விஷயம் உண்டு. 2-ஃபினைல் எத்தனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் ரோஜா இதழை நீராவியில் வடிக்கும்போது அது எண்ணெயோடு போகாமல் பெருமளவு தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. பன்னீரின் மணமும் ரோஜா எண்ணெயின் மணமும் ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு பெரிய காரணம். செடியில் இருக்கும் பூவோ இரண்டையும் சேர்த்தே தருகிறது.

தாயான வைஃப் ஆஃப் பாத்தின் மணம் வேறு. சோம்பை நினைவூட்டும் ஒரு வாசனை அது. ஆங்கில ரோஜாக்களில் அதை மிர் மணம், அதாவது வெள்ளைப்போள மணம் என்பார்கள். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையிலும் அதே வாசனைதான். கெர்ட்ரூட் ஜீக்கில் அந்த வழியை விட்டுத் தந்தை வழியைப் பிடித்துக்கொண்டது. முகர்ந்தால் கலப்பில்லாத பழைய ரோஜா மணம், அதுவும் பலமாக. காலையில், பூ பாதி விரிந்த நிலையில் முகர்ந்து பாருங்கள். வெயில் ஏறினால் இந்த எண்ணெய்கள் பறந்துபோகும். நடுப்பகலில் ஒரு பூவை முகர்ந்துவிட்டு மணமில்லை என்று தீர்ப்புச் சொல்வது அந்தச் செடிக்குச் செய்யும் அநியாயம்.

நவீன ரோஜாக்களில் மணம் ஏன் போயிற்று என்று பலர் கேட்பார்கள். 2015இல் பிரான்சு ஆய்வாளர்கள் ஒரு நல்ல துப்பைக் கண்டார்கள். மணமுள்ள பாப்பா மெய்யாங் என்ற ரோஜாவையும் மணம் குறைந்த ரூஜ் மெய்யாங் என்ற ரோஜாவையும் ஒப்பிட்டார்கள். மணமுள்ளதில் நுட்எக்ஸ்1 என்ற மரபணு மும்முரமாக வேலை செய்கிறது, மற்றதில் அடங்கிக் கிடக்கிறது. ஜெரானியாலை உண்டாக்கும் வழியில் ஒரு படியை அந்த மரபணுவின் நொதி நடத்துகிறது. மற்ற பல தாவரங்களில் ஜெரானியால் பிறக்கும் வழி இதுவன்று. நிறமும் காம்பு நீளமும் குவளையில் தாங்கும் நாளும் மட்டுமே தேர்வுக்கு அடிப்படையானால், இப்படி ஒரு மரபணு ஓசையில்லாமல் அடங்கிப்போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மணத்தை முதல் நிபந்தனையாக வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களால்தான் அது காப்பாற்றப்பட்டது.

முள்ளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் செடிக்கு முள் அதிகம். தண்டு முழுக்க நெருக்கமாக இருக்கும், கையுறை இல்லாமல் கிட்டே போகக் கூடாது. குழந்தைகள் ஓடித் திரியும் ஒடுங்கிய நடைபாதையின் ஓரத்தில் இதை நடாதீர்கள். மூக்கு எட்ட வேண்டும், துணி மாட்டக் கூடாது. அந்த இடைவெளி விட்டு நடுங்கள்.

இலை சாம்பல் கலந்த பச்சை; பழைய ரோஜாக்களின் இலைபோல் பளபளப்பில்லாதது. வளர்ச்சி நிமிர்ந்தது, வீரியம் மிக்கது. புதராக விட்டால் நான்கிலிருந்து ஐந்தடி வரை உயரும். சுவரில் ஏற்றிக் கட்டினால் எட்டு, பத்தடி வரை போகும். நிமிர்ந்து வளரும் குணத்தால் ஒரு தொல்லை உண்டு. கவனிக்காமல் விட்டால் கீழே மொட்டைத் தண்டும் மேலே பூக்கொத்துமாக நிற்கும். குளிர்காலக் கடைசியில், துளிர் விடுவதற்கு முன், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கவாத்து செய்யுங்கள். எல்லாத் தண்டையும் ஒரே உயரத்தில் வெட்டாமல், சிலவற்றைத் தாழவும் சிலவற்றை உயரவும் வெட்டினால் அடியிலிருந்தே பூ வரும். சுவரில் ஏற்றுவோர் தண்டை மேல்நோக்கிக் கட்டாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். நுனிமொட்டு மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கும் பிடி தளர்ந்து, படுத்த தண்டின் கணுதோறும் பூக்கிளை எழும். இந்த ரோஜாவைக் கொடியாக வளர்ப்பதே எனக்குப் பிடித்த முறை. பூ முகத்துக்கு நேரே வந்துவிடும், முள் சுவரோடு ஒதுங்கிவிடும்.

ஆங்கில ரோஜாக்களில் பருவத்தின் தொடக்கத்திலேயே பூத்துவிடும் செடிகளில் இதுவும் ஒன்று. முதல் அலை பெரியது. பிறகு ஓய்வெடுத்து அலையலையாகப் பூக்கும். நாள்தோறும் பூ எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். வாடிய பூக்களை நறுக்கிவிடுவதும், முதல் அலைக்குப் பின் உரமிடுவதும் அடுத்த அலையை விரைவுபடுத்தும்.

நோய் எதிர்ப்பில் இதை முதல் வரிசையில் வைக்க மாட்டேன். அதற்குப் பின் வந்த வகைகள் பல இதைவிடத் திடமானவை. கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சைக்கு இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். ஆகவே தண்ணீரை வேரடியில் விடுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். காலையில் விடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், பூஞ்சை அதில்தான் தங்கியிருந்து திரும்பி வரும். காற்றோட்டமும் நல்ல வெயிலும் இருக்கும் இடத்தில் மருந்தடிக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

பெயருக்கு உரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெர்ட்ரூட் ஜீக்கில் 1843இல் பிறந்து 1932இல் மறைந்தவர். ஓவியம் பயின்றவர். கண்பார்வை மங்கியபோது கவனத்தைத் தோட்டத்தின் பக்கம் திருப்பினார். இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள மன்ஸ்டெட் வுட் என்ற தம் வீட்டைச் சுற்றி அவர் அமைத்த தோட்டம் புகழ்பெற்றது. அந்த வீட்டைக் கட்டியவர் எட்வின் லட்யன்ஸ். புது தில்லியை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். இருவரும் சேர்ந்து பல தோட்டங்களை உருவாக்கினார்கள். ஜீக்கில் அம்மையார் வடிவமைத்த தோட்டங்கள் ஏறத்தாழ நானூறு. நீண்ட பாத்தியின் இரு முனைகளிலும் குளிர்ந்த நிறங்கள், நடுவில் நெருப்பு நிறங்கள் என்று செடிகளை ஓவியர் கண்ணோடு வரிசைப்படுத்தியவர். ரோஜாவைப் பாத்தியில் தனியாகச் சிறைவைக்காமல் புதராக, கொடியாக, மற்றச் செடிகளோடு கலந்து வளர்க்கச் சொன்னவர். 1902இல் ரோஜாக்களைப் பற்றியே ஒரு நூலும் எழுதினார். அவர் விரும்பிய விதத்தில் வளர்க்கத் தகுந்த ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தது மிகச் சரி என்று நினைக்கிறேன்.

நட விரும்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. ஒட்டுச்செடி வாங்கினால் மேல்செடியும் வேர்ச்செடியும் சேரும் ஒட்டுக்கணு மண்ணுக்குள் இரண்டங்குலம் போகும்படி நடுங்கள்; தண்டு ஆடாது, காலப்போக்கில் மேல்செடியே வேர்விடவும் வாய்ப்புண்டு. ஒட்டுக்குக் கீழிருந்து வேறுவித இலையோடு துளிர் வந்தால் அந்தத் துளிரை அது கிளம்பும் இடத்திலேயே இழுத்துப் பிய்த்துவிடுங்கள். இடம் இருந்தால் ஒரே செடியாக நடாமல், ஒன்றரை அடி இடைவெளியில் முக்கோணமாக மூன்று நடுங்கள். ஓரிரு ஆண்டில் அவை ஒன்றாகப் பின்னி, எல்லாப் பக்கமும் பூத்த ஒரே பெரும் புதராகிவிடும். மூன்றுக்கும் இடமில்லாதவர்கள் சுவர் ஓரத்தில் ஒன்றைக் கொடியாக ஏற்றுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.