முறத்தில் கல் பொறுக்குவதுபோல

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கல் அகப்பட்டதும் யாரும் முறத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் போவதில்லை. கடைசி மணிவரை விரல் ஓடும். ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற எங்களுக்கு அந்தப் பழக்கம் அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. படத்தில் ஒரு குறை கண்ணில் பட்டதும், தேடியது கிடைத்துவிட்டது என்று மனம் நிறைந்துவிடும். இரண்டாவது குறை அங்கேயே இருக்கும், நாங்கள் விட்டுவிடுவோம்.

எனக்கே நடந்தது. சிறுநீரகக் கல்லுக்காக ஒருவருக்கு வயிற்று சிடி ஸ்கேன். கல்லைப் பார்த்தேன், அளவோடு எழுதினேன். வயிற்று ஸ்கேனின் முதல் சில படங்களில் நுரையீரலின் அடிப்பகுதியும் விழும். அங்கே ஒரு சிறு முடிச்சு, அதாவது புற்றுநோயாகவும் இருக்கக்கூடிய ஒரு சிறு கட்டி, இருந்திருக்கிறது. சில மாதம் கழித்து என் சக மருத்துவர் பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

கவனக்குறைவு என்று நீங்கள் நினைக்கலாம். அது மட்டுமல்ல என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது, 2013இல் வெளியானது. எங்களைப்போல ஸ்கேன் படம் பார்க்கும், அனுபவமுள்ள 24 கதிரியல் மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி படங்களைக் கொடுத்து, முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசி நோயாளியின் படத்தில் ஒரு கொரில்லா உருவத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆமாம், கொரில்லா. சாதாரண முடிச்சைப்போல 48 மடங்கு பெரியது. எத்தனை பேர் பார்த்தார்கள்? நாலே பேர். 20 பேர் பார்க்கவில்லை. விழி எங்கே போகிறது என்பதையும் கருவி வைத்துப் பதிந்தார்கள். பார்க்கவில்லை என்ற அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை நேராகக் கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்தது. விழி போயிற்று, மனம் போகவில்லை. முடிச்சைத் தேடும் மனத்துக்கு முடிச்சுதான் தெரியும்.

ஆகவே "இன்னும் கவனமாக இரு" என்று சொல்வதால் பயனில்லை. பார்க்கும் முறையை மாற்ற வேண்டும். நான் இப்போது கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டு, மறுபடி முதல் படத்திலிருந்து தொடங்குகிறேன். நுரையீரல் நுனி, இதயத்துக்குப் பின்புறம், கடைசியில் எலும்புகள். வரிசை மாறாது. முறத்தில் கல் பொறுக்குவதுபோலத்தான்.

நீங்களும் உதவலாம். பழைய பிலிம், குறுந்தகடு, ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஸ்கேனுக்கு வரும்போது கொண்டுவாருங்கள். முன்பு புற்றுநோய்க்கு அறுவை செய்திருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். போன வருடம் இல்லாத புள்ளி இந்த வருடம் இருக்கிறது என்பதைப் பழைய படம்தான் காட்டும்.

நேரமாகிவிட்டது என்கிறார்கள். கணினி உதவியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், இரண்டே வரி. ஐரோப்பாவில் மார்பகப் பரிசோதனைப் படத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்ப்பது வழக்கம். சுவீடனில் சுமார் 80,000 பெண்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பார்த்தார்கள். வழக்கமான முறையில் 203 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கணினித் துணையோடு 244. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது. அங்கேயும் முடிவு சொன்னது மருத்துவர்தான். மீதியை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.