வீட்டு வரி ரசீதில் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சிறிய நகராட்சியில் 31 வருஷம் பில் கலெக்டராக இருந்தவன் நான். உங்கள் வீட்டு வரி ரசீது பக்கத்தில் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பீரோவில் கிடந்தாலும் பரவாயில்லை, நான் சொல்லச் சொல்ல நினைவில் பார்த்துக்கொள்ளலாம்.

வரியை எதை வைத்துப் போடுகிறார்கள்? வீடு எத்தனை சதுர அடி, எந்தத் தெரு, குடியிருப்பா கடையா, ஓடா கான்கிரீட்டா. இதையெல்லாம் பார்த்து, அதை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவார்கள். அதற்குப் பெயர் ஆண்டு வாடகை மதிப்பு. அதில் ஒரு பங்குதான் உங்கள் வரி. நீங்களே குடியிருந்தாலும் இந்தக் கணக்கு உண்டு.

இப்போது ரசீதைப் பாருங்கள். நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, எனக்கு எழுத்தே தெரியாது. எனக்கெதுக்கு நூலக வரி?" அரையாண்டுக்கு 600 ரூபாய் வரி, 60 ரூபாய் நூலக வரி. "பேத்தி சாயங்காலம் எங்கே போகுது பாட்டி?" என்றேன். "லைப்ரரிக்கு. பரீட்சைக்குப் படிக்குது." அந்த லைப்ரரி இந்தப் பணத்தில்தான் நடக்கிறது என்று சொன்னேன். பேசாமல் உள்ளே போய்ப் பணம் கொண்டுவந்தார். அடுத்த அரையாண்டு போனபோது, "அங்கே ஃபேன் ஓடலையாமே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயம். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலக வரி நகராட்சியின் பணம் இல்லை, வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டியது. அதை நிலுவையில் வைத்தால் அந்தப் பேத்தி புழுக்கத்தில்தான் படிக்க வேண்டும்.

சரி, வரி உயர்வுக்கு வருகிறேன். சென்னைக்கு வெளியே நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு 2022-இல்தான் பொதுச் சீராய்வு, அதாவது எல்லா வீட்டு வரியையும் ஒன்றாகத் திருத்துவது, நிலையாக நடைமுறைக்கு வந்தது. இடையில் 14 வருஷம். தெருவிளக்கின் கரண்டு பில்லும் குப்பை வண்டியின் டீசலும் அப்படிக் காத்திருக்கவில்லை. கடைசியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஒரேயடியாக ஏறியது. பாட்டி வீட்டுக்கு 50 சதவீதம் ஏறி, 600 ரூபாய் 900 ஆனது. வருஷா வருஷம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் ஏழைக்கு நல்லது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். 2024-இல் 6 சதவீதம் ஏற்றியபோது பலருக்குக் கோபம். எனக்கு அது 2022-ஐவிட நியாயமாகத்தான் பட்டது.

நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், மணி காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். சம்பளம், பென்ஷன், குடிநீர், கரண்டு போக மிச்சம்தான் உங்கள் தெருவுக்கு. குடிநீருக்குத் தனி நிதி, ஆரம்பக் கல்விக்குத் தனி நிதி உண்டு. எதில் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள், ரசீதையும் கொண்டுபோங்கள். அப்புறம், ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். நன்றி, வணக்கம்.