முன்னாடி இருக்கறது எது? லா பாஸ்ல ஒரு நாள்

எல்லாருக்கும் வணக்கம். தென்னமெரிக்காவுல இருக்கற பொலிவியாவுல ஒரு செமஸ்டர் படிச்சியே, அதப் பத்தி வந்து பேசுன்னு கூப்பிட்டாங்க. மொத்தத்தையும் சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சிரும், அதனால ஒரே ஒரு நாளை மட்டும் சொல்றேன். லீவு கிடைச்ச ஒரு வியாழக்கிழமை, அந்த நாட்டோட லா பாஸ் நகரத்தைச் சுத்திப் பாக்கக் கிளம்பினேன்.

மொதல்ல உயரம். நம்ம தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். லா பாஸ் நகரத்தோட நடுப்பகுதியே கிட்டத்தட்ட 3,640 மீட்டர். காத்துல ஆக்சிஜன் கம்மின்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா பங்கு அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கா கொறைஞ்சிடுது, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது கம்மி. தண்ணி 88 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். மலை ஏறினா வர்ற தலைவலிக்கு அங்க சொரோச்சேன்னு பேரு. வந்த மொத ரெண்டு நாள் எனக்கு அது இருந்துச்சு, தங்கியிருந்த வீட்டு அம்மா கோக்கா இலை போட்ட டீயைக் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க, மெதுவா நட, கம்மியா சாப்பிடுன்னு சொன்னாங்க, அதக் கேட்டதாலதான் மூணாவது நாள் என்னால நடக்க முடிஞ்சுது.

காலைல சால்தேஞ்யா. நம்ம சோமாசி மாதிரி மடிச்ச மாவு, ஆனா உள்ள கறியும் உருளைக்கிழங்கும் குழம்போட இருக்கும், நிமித்திப் பிடிச்சு ஓரத்துல கடிச்சு மொதல்ல குழம்பை உறிஞ்சணும். அங்க அது காலைச் சாப்பாடு, மதியத்துக்கு மேல தேடினா கிடைக்கறது கஷ்டம்.

அங்கேருந்து முரியோ சதுக்கம். 1809ல ஜூலை 16 அன்னிக்கு ஸ்பெயின் ஆட்சிய எதிர்த்து எழுந்த பெத்ரோ தொமிங்கோ முரியோவ மறு வருஷம் ஜனவரில இந்த எடத்துலதான் தூக்குல போட்டாங்க. சதுக்கத்துல இருக்கற நாடாளுமன்றக் கட்டடத்து நெத்தியில ஒரு கடிகாரம் இருக்கு, 2014ல அத இடப்பக்கமா ஓட மாத்திட்டாங்க. நான் பாத்தப்போ எண்களும் திருப்பி எழுதியிருந்துச்சு, முள்ளும் திரும்பி ஓடுச்சு. வெயில்ல நிழல் சுத்தறது பூமியோட தென்பாதியில இடப்பக்கமாத்தான், கடிகாரம் வலப்பக்கமா ஓடறது வடக்கத்திக்காரங்க நிழலப் பாத்து வச்ச வழக்கம், தெக்க இருக்கற நாங்க ஏன் அதயே பிடிச்சுக்கணும்ங்கறதுதான் அந்த நாட்டு அரசாங்கம் சொன்ன காரணம். எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டுச்சு.

இங்க இன்னொண்ணு சொல்லியாகணும், இதுக்காகத்தான் நான் பேசவே ஒத்துக்கிட்டேன். லா பாஸ் சுத்துவட்டாரத்துல ஐமாராங்கற பூர்வகுடி மக்கள் நெறைய. அவங்க மொழில 'நய்ரா'ன்னா கண்ணு, முன்பக்கம், அதே சொல்லுதான் கடந்த காலத்துக்கும். 'கீப்பா'ன்னா முதுகுப்பக்கம், அதுவே வரப்போற காலம். நடந்து முடிஞ்சதப் பாத்தாச்சு, அதனால அது கண்ணு முன்னாடி இருக்கு, நாளைக்கு என்னன்னு தெரியாது, அதனால அது முதுகுக்குப் பின்னாடி. இதப் பத்தி எழுதற வெளிநாட்டுக்காரங்க பலபேர் அதிசயம்னு எழுதறாங்க. ஆனா நம்ம சொல்லையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முன்னோர், முற்காலம், "முன்னாடி இங்க ஒரு கிணறு இருந்துச்சு", "அப்புறம் பின்னாடி பாத்துக்கலாம்". முன்னாடிதான் போனது, பின்னாடிதான் வர்றது. சதுக்கத்து பெஞ்சுல உக்காந்து இத யோசிச்சப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. (ஐமாராவும் தமிழும் உறவுன்னு நான் சொல்லல, அப்படி யாரும் கிளம்பிடாதீங்க. ரெண்டு எடத்துல மனுஷங்க ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க, அதுவே எனக்குப் போதும்.)

அப்புறம் கேபிள் கார். மி தெலெஃபெரிக்கோன்னு பேரு, 2014ல செவப்பு, மஞ்சள், பச்சைன்னு கொடியோட மூணு நிறத்துல மூணு தடம் தொறந்தாங்க, இப்ப பத்து தடம் ஓடுது. டூரிஸ்டுக்காகக் கட்டினது இல்ல, நம்ம டவுன் பஸ் மாதிரி, வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் பசங்க, மூட்டையோட வர்ற வியாபாரி எல்லாரும் ஏறுவாங்க. நான் போனப்போ டிக்கெட் அந்த ஊர்க் காசுல 3 பொலிவியானோ. பழைய ரயில்வே ஸ்டேஷன்லேருந்து செவப்புத் தடத்துல ஏறினா பொதுக் கல்லறைக்கு நேர் மேல போகும், அடுக்கு அடுக்கா செவுத்துக்குள்ள சமாதி, ஒவ்வொண்ணுக்கும் சின்னக் கண்ணாடிக் கதவு, உள்ள பூ. பத்து நிமிஷத்துல 400 மீட்டர் மேல எல் ஆல்ட்டோ வந்துரும்.

லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம்னா எல் ஆல்ட்டோ அந்தக் கிண்ணத்து விளிம்பு, 4,100 மீட்டருக்கு மேல, தனி நகரம். அங்க உசர உசரப் போகத்தான் வாடகை கம்மி, வசதியானவங்க கதகதப்பா இருக்கற பள்ளத்துல, தெற்கு வட்டாரத்துல இருக்காங்க. வியாழனும் ஞாயிறும் மேல பெரிய சந்தை. ஊதா நிற மக்காச்சோளத்துல காய்ச்சின சூடான ஆப்பி குடிச்சேன், பட்டை வாசனை. ராத்திரி உறைபனியில போட்டு, பகல்ல காலால மிதிச்சுத் தண்ணியெடுத்து வெயில்ல காயவச்ச உருளைக்கிழங்கு, சுன்யோன்னு பேரு, மூட்டை மூட்டையா வித்தாங்க, வருஷக்கணக்கா கெடாதாம்.

சந்தையிலேருந்து வெள்ளித் தடம் பிடிச்சேன். அது விளிம்போரமாவே போகும், மொத்த நகரமும் காலுக்குக் கீழ, எதிர்ல 6,438 மீட்டர் இல்லிமானி மலை பனியோட. கேபின்ல என் எதிர்ல வயசான ஐமாரா அம்மா ஒருத்தங்க, கொசுவம் வச்ச அகலப் பாவாடை, தலையில வட்டத் தொப்பி, பெரிய மூட்டை. தெற்கு வட்டாரத்துல வேலை பாக்கற மகளுக்கு சாமான் கொண்டு போறாங்களாம். அவங்க ஸ்பானிஷும் என் ஸ்பானிஷும் அரைகுறை, ஆனா பேச்சு ஓடுச்சு.

அவங்கதான் துபாக் கட்டாரி பேர எடுத்தாங்க. 1781ல இந்த விளிம்புலதான் அவரும் மனைவி பார்த்தோலினா சிசாவும் ஐமாரா படையோட நின்னு, கீழ இருந்த ஸ்பானிஷ் நகரத்துக்கு சாப்பாடு போற வழியெல்லாம் அடைச்சாங்க. மாசக்கணக்குல முற்றுகை, கீழ ஆயிரக்கணக்கான பேர் பசியில செத்தாங்க. கடைசில அவரைப் பிடிச்சு நாலு குதிரைல கட்டி இழுத்துக் கொன்னாங்க, அடுத்த வருஷம் பார்த்தோலினாவையும் கொன்னுட்டாங்க. 2013ல விண்வெளிக்குப் போன பொலிவியாவோட மொத செயற்கைக்கோளுக்கு கட்டாரி பேருதான். 2003 அக்டோபர்ல எரிவாயுவ வெளிநாட்டுக்கு விக்கற திட்டத்த எதிர்த்து இதே எல் ஆல்ட்டோ மக்கள் மறுபடியும் ரோட்ட அடைச்சாங்க, ராணுவம் சுட்டுச்சு, அறுபது பேருக்கு மேல செத்தாங்க, ஜனாதிபதி பதவிய விட்டுட்டு நாட்ட விட்டே போனாரு. அந்த அம்மாவோட தெருவுலயும் ஒரு பையன் செத்திருக்கான். இதெல்லாம் சொல்லும்போது அவங்க கை நேரா முன்னாடி நீண்டு இருந்துச்சு. 1781க்குக் கை இன்னும் தூரம் நீண்டுச்சு, 2003க்கு முழங்கை மடிஞ்சு கிட்ட வந்துச்சு.

மஞ்சள் தடம் மாறி, பச்சை மாறி, இர்ப்பாவி ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணாவே வந்தோம். வெளிய காத்து எளகிடுச்சு, ஸ்வெட்டரக் கழட்டினேன், தோட்டம் வச்ச வீடுங்க, பள்ளத்துல மரங்க. மூட்டைய ஒரு பக்கம் நான் பிடிச்சு எறக்கினேன். எப்ப ஊருக்குன்னு கேட்டாங்க. நாளைக்குன்னேன். தலைய ஆட்டிட்டு, நாளைக்காங்கற மாதிரி, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னாடி காட்டினாங்க.